சுண்ணாம்புக் கோட்டருகே ஒரு நிழற்படக்காரர்



இலக்கிய மேடையில் விளையாட்டுத் திடலுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். அந்த ஐயம் நியாயமானதே. ஆயினும், கவிதையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘கணம்’ என்ற சொல் தவறாமல் வந்து நிற்கிறது. கணத்தைப் பிடித்தார், கணத்தை நிறுத்தினார், கணத்தில் உறைந்தார் என்று அணிந்துரைகளும் மதிப்புரைகளும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன தொடர் அது. கணத்தைப் பிடிப்பது என்றால் உண்மையில் என்ன நிகழ்கிறது என்று அறிய விரும்புவோர், நொடியை ஆயிரமாகப் பகுத்துக் கையாளும் தொழிலாளி ஒருவரின் பக்கத்தில் ஒரு பகற்பொழுது நின்று பார்ப்பது நல்லது. பள்ளிப் பிள்ளைகளின் தடகளப் போட்டியைப் படமெடுக்க வரும் நிழற்படக்காரரே அந்தத் தொழிலாளி.

தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கிடையே குடியரசு தின விளையாட்டுகள், பாரதியார் தின விளையாட்டுகள் என்னும் பெயர்களில் போட்டிகள் நடத்தப்பட்டு வந்திருப்பதை இங்குள்ள ஆசிரியர்கள் அறிவர். குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று அவை படிப்படியாக உயரும். மாநில நிலைக்கு வடிகட்டப்பட்டவர்களே வருவதால் அங்கு ஓரளவு ஒழுங்கும் இடைவெளியும் இருக்கும். நெரிசலை அதன் முழு வடிவில் காண வேண்டுமானால் குறுவட்டப் போட்டிக்குத்தான் செல்ல வேண்டும். 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என மூன்று பிரிவுகள்; ஒவ்வொன்றிலும் மாணவர், மாணவியர் என இரண்டு. ஆகவே நிகழ்ச்சி நிரலில் ‘100 மீட்டர் ஓட்டம்’ என்று ஒரு வரியாக இருப்பது திடலில் ஆறு ஓட்டங்களாகும். ஒவ்வொன்றுக்கும் உரிய தகுதிச் சுற்றுகளையும் சேர்த்தால் எண்ணிக்கை கையை மீறிப் போகும்.

திடல் பெரும்பாலும் மண் திடல். விடியற்காலையில் கயிறு பிடித்துச் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டிருப்பார்கள். பத்து மணிக்குள் பாதிக் கோடு பிள்ளைகளின் உள்ளங்காலில் ஒட்டிக்கொண்டு திடலைவிட்டுப் போயிருக்கும். ஒருபுறம் தகுதிச் சுற்று ஓடிக்கொண்டிருக்க, மறுபுறம் மணற்குழியில் நீளம் தாண்டுதல் நடக்கும். ஒரு மூலையில் உயரம் தாண்டுதல், எதிர்மூலையில் குண்டு எறிதல். கிளாப்பர் என்னும் மரக்கட்டைகள் அறையும் ஓசையில் ஓட்டங்கள் தொடங்கும். ஒலிபெருக்கி ஓயாது மார்பு எண்களை அழைத்துக்கொண்டிருக்கும். ஓட்டத்துக்கும் தாண்டுதலுக்கும் பெயர் கொடுத்த சிறுமி, ஓட்டத்தை முடித்த மூச்சிரைப்பு அடங்குமுன்பே மணற்குழியை நோக்கி ஓடுவாள். அவளுடைய உடற்கல்வி ஆசிரியர் இரண்டு இடங்களிலும் இருக்க முடியாமல் நடுவில் நின்று கைகளை ஆட்டுவார்.

இத்தனையும் ஒரே வேளையில் நடக்க, படமெடுப்பவர் ஒருவர். ஆகவே அவர் செய்யும் முதல் வேலை எதை எடுப்பது என்று முடிவு செய்வதன்று, எதை விடுவது என்று முடிவு செய்வது. நிகழ்ச்சி நிரலை முன்னதாகவே கேட்டு வாங்கி, எந்த இடத்தில் நின்றால் ஓட்டத்தின் முடிவும் தாண்டுதலின் குழியும் ஒரே திருப்பத்தில் கிடைக்கும், எந்த நேரத்தில் வெயில் எந்தப் பக்கம் சாயும், பின்னணியில் பேருந்தும் பந்தல் துணியும் மின்கம்பியும் வராமல் இருக்க எங்கே மண்டியிட வேண்டும் என்று கணக்கிடுபவரே தேர்ந்தவர். ஈட்டி விழும் பகுதிக்குள்ளும் ஓடுபாதைக்குள்ளும் ஒருபோதும் கால் வைக்காதவரும் அவரே. எல்லாவற்றையும் எடுத்துவிடத் துணிந்து திடல் முழுதும் சுற்றுகிறவர் மாலையில் ஏராளமான முதுகுகளோடு வீடு திரும்புவார்.

தொடர் ஓட்டம் இந்த நெருக்கடியை மிகக் கூர்மையாக்குகிறது. நான்கு பேர் நூறு நூறு மீட்டராக ஓடும்போது கோல் கைமாறும் இடங்கள் மூன்று. முன்பு 20 மீட்டராக இருந்த மாற்றுப் பகுதி இன்றைய பன்னாட்டு விதிகளின்படி 30 மீட்டர். அந்த 30 மீட்டருக்குள் எந்த அடியில் கோல் கைமாறும் என்பது ஓடுபவர்களுக்கே முன்கூட்டித் தெரியாது. மூன்று இடங்களில் ஒன்றில்தான் நிழற்படக்காரர் நிற்க முடியும். முதல் மாற்றத்தின் அருகே அவர் நின்றால் மூன்றாம் மாற்றத்தில் கோல் நழுவி விழும். மூன்றாம் மாற்றத்தின் அருகே நின்றால் ஆட்டத்தின் விதி முதலிலேயே முடிந்திருக்கும். நிற்காத இடத்தின் படம் எந்தக் கேமராவுக்கும் கிட்டுவதில்லை. இது எளிய உண்மைதான். ஆனால் தாம் காணாத துயரங்களையெல்லாம் கண்டதுபோல் எழுதிவிடும் வழக்கம் கவிதையில் பெருகியுள்ள நிலையில், இந்த எளிய உண்மையை ஒருமுறை சொல்லிவைப்பதில் தவறில்லை.

இனி, ‘கணம்’ என்பதற்கு வருவோம். 12 நொடியில் 100 மீட்டர் ஓடும் மாணவர் ஒருவரைக் கருதுக. சராசரியாக நொடிக்கு எட்டு மீட்டருக்கும் சற்று மேல். கேமராவின் ஷட்டர் ஒரு நொடியில் 60-இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் அவருடைய உடல் ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். முகம் முகமாக இராது, ஒரு பூச்சாக இருக்கும். 1000-இல் ஒரு பங்கு என்றால் நகர்வது எட்டு மில்லிமீட்டர், முகம் தெளியும். உடலைவிட விரைவாக வீசப்படும் கையும் காலும் அப்போதும் சற்றுக் கலங்கியே நிற்கும். அந்தக் கலக்கத்தைக் குறையென்று கருதுவோர் உளர். ஓட்டம் என்பதற்குப் படத்தில் எஞ்சும் ஒரே சான்று அதுதான் என்பது மறுக்க முடியாதது.

கருவி நொடியை ஆயிரமாகப் பகுக்கலாம். மனிதக் கண்ணும் விரலும் அவ்வாறு பகுக்க இயலாதவை. ஒன்றைக் கண்டு, மூளை உணர்ந்து, விரல் அழுத்துவதற்கு ஏறத்தாழ ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிறது. ஓட்டத்தின் தொடக்கத்திலேயே இதற்கு விதி உண்டு: தொடக்க ஒலிக்குப்பின் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் அசைந்தவர், ஒலியைக் கேட்டு அசைந்தவர் அல்லர், முந்திக்கொண்டவர் என்றே பன்னாட்டுப் போட்டிகளில் கொள்ளப்படுகிறார். அந்த ஐந்தில் ஒரு பங்கு நேரத்தில் நம் மாணவர் ஒன்றரை மீட்டருக்கு மேல் கடந்துவிடுகிறார். எனவே நல்ல காட்சியைக் கண்டபின் பொத்தானை அழுத்துகிறவருக்கு அந்தக் காட்சி கிடைப்பதில்லை; அதற்கு அடுத்த காட்சியே கிடைக்கிறது.

இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. எஸ்.எல்.ஆர். வகைக் கேமராக்களில், லென்ஸ் வழியே வரும் காட்சியைக் கண்ணுக்குக் காட்டுவது உள்ளே சாய்வாக நிற்கும் ஒரு சிறு கண்ணாடி. பொத்தானை அழுத்தியவுடன் அக்கண்ணாடி மேலெழுந்து ஒளிக்கு வழி விடுகிறது. அந்த நேரத்தில் பார்வைத் துளை இருண்டுவிடும். அதாவது, படமாகப் பதிகின்ற கணம் எதுவோ அதை மட்டும் எடுப்பவர் பார்ப்பதில்லை. அதற்கு முந்தியதைப் பார்க்கிறார், பிந்தியதைப் பார்க்கிறார், நடுவிலிருப்பது இருள். ‘கண்ணால் பார்த்துவிட்டாயா, அப்படியானால் அது உன் படத்தில் இல்லை’ என்று விளையாட்டுப் படம் எடுப்போரிடையே ஒரு பேச்சு வழங்குவது இதனால்தான். கண்ணாடியில்லாத புதிய கேமராக்களில் அந்த இருள் நீங்கிவிட்டது. விரலின் தாமதம் நீங்கவில்லை. நொடிக்குப் பல படங்களாகச் சுட்டுத் தள்ளினாலும், சுடத் தொடங்க வேண்டிய நேரத்தை மனிதர்தான் முன்னுணர வேண்டும்.

முன்னுணர்தல் என்பது குருட்டு நம்பிக்கையன்று. உயரம் தாண்டுபவர் எத்தனை அடியில் ஓடி வருகிறார், எந்தக் காலால் உந்துகிறார் என்பதை முதல் தாண்டலில் படமே எடுக்காமல் எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். மேலெழும் உடல் உச்சியை அடையும்போது மேலும் செல்லாமல் கீழும் இறங்காமல் ஓர் இமைப்பொழுது நிற்கிறது. அங்கே ஷட்டர் சற்று மெதுவாக இருந்தாலும் படம் தெளிவாக வரும். 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் டிக் ஃபாஸ்பரி முதுகை வளைத்துக் கம்பியைத் தாண்டிக் காட்டியபின் அந்த முறையே உலகெங்கும் பரவிற்று. அம்முறையில் தாண்டுபவரின் முகம் வானத்தை நோக்கியிருப்பதால், கம்பிக்கு அப்பால் மெத்தையின் ஓரத்தில் இருந்தாலன்றி முகம் கிட்டாது. விழுவதற்குப் பஞ்சு மெத்தை இல்லாத பள்ளித் திடல்களில் பிள்ளைகள் இன்னும் பழைய கத்தரிக்கோல் முறையில் நிமிர்ந்தபடியே தாண்டுகிறார்கள். வறுமை நிழற்படக்காரருக்குச் செய்யும் ஒரே உதவி, அந்த நிமிர்ந்த முகம்.

கண் காணாததைக் கேமரா காணும் என்பதற்கு உலகறிந்த சான்று, கலிபோர்னியாவில் 1878-இல் எட்வர்ட் மைப்ரிட்ஜ் எடுத்த குதிரைப் படங்கள். பாதையோரம் வரிசையாகப் பல கேமராக்களை நிறுத்தி, பாய்ந்தோடும் குதிரையைப் படிப்படியாகப் பதிவு செய்தார் அவர். அதுவரை ஓவியர்கள், முன்னங்கால்கள் முன்னும் பின்னங்கால்கள் பின்னுமாக நீட்டிப் பறப்பதாகவே குதிரையை வரைந்து வந்தனர். நான்கு கால்களும் தரையை விட்டு நீங்குவது உண்மைதான்; ஆனால் அவை நீட்டியிருக்கும்போதன்று, வயிற்றுக்கடியில் ஒடுங்கியிருக்கும்போதே என்று அப்படங்கள் காட்டின. ஓவியர்கள் பார்த்ததை வரையவில்லை; வேகம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று எண்ணியதை வரைந்திருந்தார்கள். பள்ளி ஆண்டு மலர்களுக்கு ஓட்டப் படம் கேட்பவர்களும் பெரும்பாலும் இந்த ஓவியர்களின் வழியினரே. கால்கள் அகன்று, மார்பு நிமிர்ந்து, இதழில் புன்னகையோடு பறக்கும் வீரர் அவர்களுக்கு வேண்டும். முழு வேகத்தில் ஓடும் சிறுவனின் முகமோ தாடை தளர்ந்து, கன்னம் குலுங்கி, கண் பாதி மூடிக் கிடக்கும். அதில் உவகையும் இல்லை, அழுகையும் இல்லை. உழைப்பு ஒன்றே உண்டு.

உள்ளத்து உணர்வு உடலின் வழியே வெளிப்படுவதற்கென்றே மெய்ப்பாட்டியல் என ஓர் இயலை வகுத்த தொல்காப்பியரை இவ்விடத்தில் நினையாமல் இருக்க முடியாது. மெய்ப்பாடு என்பதை இலக்கண வகுப்பில் எட்டு என்று எண்ணி மனப்பாடம் செய்து மறந்துவிடுகிறோம். அது எப்போது தோன்றுகிறது என்று கேட்பதில்லை. திடல் அதற்கு விடை சொல்கிறது. ஓட்டத்தில் மெய்ப்பாடு இல்லை; எல்லைக் கோட்டைக் கடந்தபின் இரண்டு மூன்று நொடிகளில் அது வருகிறது. தான்தான் முதல்வன் என்று அறியாமல் பக்கத்தில் ஓடியவனைத் திரும்பிப் பார்க்கும்போது வருகிறது. முதலில் மருட்கை, அதன் பின்பே பெருமிதம். இரண்டாவதாக வந்தவளிடம் பெருமிதமும் இளிவரலும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஒரே முகத்தில் நிற்கும். எதற்கு எது பெயர் என்று உரையாசிரியரே தயங்குவார். கோட்டைக் கடந்தவுடன் கேமராவைக் கீழிறக்கிவிடுகிறவர் ஓட்டத்தை எடுத்தவர். இறக்காமல் காத்திருப்பவரே ஓடிய பிள்ளையை எடுத்தவர்.

நிழற்படம் இன்னொரு வகையிலும் ஓட்டத்தோடு தொடர்புடையது. பெரிய போட்டிகளில் முடிவை உறுதி செய்யும் ‘ஃபோட்டோ ஃபினிஷ்’ படத்தைப் பலரும் பார்த்திருப்பர். அதன் இயல்பைச் சிலரே எண்ணிப் பார்த்திருப்பர். எல்லைக் கோட்டின்மீது மட்டும் நிலைகுத்திய மெல்லிய பிளவின் வழியே அக்கேமரா இடைவிடாது பதிவு செய்கிறது. அப்படத்தில் இடமிருந்து வலமாக விரிவது இடமன்று, காலம். சாதாரணப் படத்தில் காலம் ஒன்று, இடங்கள் பல. இப்படத்திலோ இடம் ஒன்று, காலங்கள் பல. படத்திலுள்ள ஒவ்வொருவரும் கோட்டின் மேலேயே இருக்கிறார்கள். வேறு வேறு பொழுதில் இருக்கிறார்கள். கோட்டின்மீது மிதித்த கால் சற்று நேரம் அங்கேயே தங்குவதால், காலணி மட்டும் நீண்டு திரிந்து காணப்படும். தலை, கை, கால் எதுவும் கணக்கில்லை. உடற்பகுதி கோட்டை எட்டும் பொழுதே கணக்கு. லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 1984-இல் பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, பய்யோளியின் பி.டி. உஷா 55.42 நொடியில் ஓடி நான்காமிடம் பெற்றார். மூன்றாமிடம் பெற்ற ருமேனியப் பெண் கிறிஸ்டியானா கோஜோகாருவின் நேரம் 55.41. அவர்கள் ஓடிய வேகத்தில் அந்த இடைவெளி ஏறத்தாழ நான்கு விரற்கடை. ஒரு நாட்டின் மக்கள் நாற்பது ஆண்டுகளாகச் சுமந்து வரும் ஏக்கத்தின் அகலம் அவ்வளவே.

குறுவட்டத் திடலில் அத்தகைய கருவி இல்லை. நடுவர்கள் கோட்டின் பக்கவாட்டில் நின்று கண்ணால் பார்த்து முடிவு சொல்கிறார்கள். இரண்டாமிடமா மூன்றாமிடமா என்று சச்சரவு எழும்போது, ‘படம் இருக்கிறதே, பார்த்துவிடலாம்’ என்று நிழற்படக்காரரை யாராவது இழுப்பார்கள். அடுத்த நிலைக்குச் செல்லும் வாய்ப்பு அந்த இடத்தைப் பொறுத்தது. பிள்ளையின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருக்கும். ஆயினும் அவர் மறுக்க வேண்டும். கோட்டின் நேர்ப்பக்கத்தில் நில்லாமல் எதிரில் சாய்வாக நின்று எடுத்த படத்தில் அருகிலிருப்பவர் முந்தியவராகவே தோன்றுவார். உண்மையான படம் பொய்ச்சாட்சி சொல்லும் இடம் இது. தம் படத்தின் எல்லையை அறிந்து வாய் மூடியிருப்பதும் அத்தொழிலின் அறங்களில் ஒன்று.

வெயிலைப் பற்றியும் ஒரு சொல். கேமராவின் ஒளிமானி தன் முன்னுள்ள எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதிக் கணக்கிடுகிறது. வெளிறிய வானமும் சுண்ணாம்புக் கோடும் சூழ நிற்கும் பிள்ளையை, அது சொல்லும் அளவிலேயே எடுத்தால், முகம் கரிய நிழலாகிப் போகும். நண்பகல் வெயிலில் கண்குழிகளில் வேறு இருள் தேங்கும். வண்ணப் படச்சுருள்கள் வந்த காலத்தில், நிறங்கள் சரியாக உள்ளனவா என்று ஒப்பிட்டுப் பார்க்க கோடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு அனுப்பிய மாதிரிப் படத்தில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். ‘ஷெர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். நெடுங்காலம் உலகத்தின் தோல் நிறத்துக்கு அவ்வட்டையே அளவுகோலாக இருந்தது. நம் ஊர்க் கூடங்களில் கருத்த பிள்ளைகள் ‘படத்தில் சரியாக விழவில்லை’ என்று சொல்லப்பட்டதற்குப் பிள்ளைகளோ வெயிலோ மட்டும் காரணமல்ல. ஒளியை ஒரு படி கூட்டி வைத்து, வானம் வெளுத்தால் வெளுக்கட்டும் என்று விட்டுவிட்டு, முகத்தைக் காப்பாற்றுகிற நிழற்படக்காரர் ஒரு முடிவை எடுக்கிறார். அது தொழில்நுட்ப முடிவு மட்டுமன்று.

இனிச் சொல்லவிருப்பதே இவ்வுரையின் மையம். 1500 மீட்டர் ஓட்டத்தில் முதல்வன் கோட்டைக் கடந்துவிட்டான். கைதட்டல் முடிந்தது. நடுவர்கள் தாளில் குறித்துக்கொண்டு அடுத்த நிகழ்ச்சிக்கு ஆயத்தமாகிறார்கள். இன்னொரு பிள்ளை இன்னும் ஒரு சுற்று ஓட வேண்டியிருக்கிறது. ஓடுபாதையின் குறுக்கே ஆட்கள் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். அவன் அவர்களை விலக்கிக்கொண்டு ஓடுகிறான். அந்த நேரத்தில் கேமரா எங்கே திரும்பியிருக்கிறது என்பதே கேள்வி.

வென்றவனைப் பாடுவதற்கு அரண்மனையும் பரிசிலும் இருந்த காலத்திலேயே, வென்றவனிடமே தோற்றவனை உயர்த்திச் சொன்ன பெண் ஒருவர் தமிழில் இருந்தார். வெண்ணிப் போரில் கரிகாலனிடம் தோற்று, முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்த சேரனே உன்னினும் நல்லவன் என்னும் கருத்தைக் கரிகாலனை முன்னிலைப்படுத்தியே பாடினார் வெண்ணிக் குயத்தியார். புறநானூற்றின் 66-ஆம் பாட்டு அது. வேட்கோவர் குடியில் பிறந்தவராகக் கருதப்படும் அப்பெண் வெற்றியை மறுக்கவில்லை. கரிகாலனின் பெருமையைச் சொல்லிய பிறகே இதைச் சொல்கிறார். பார்வையை மட்டும் திருப்புகிறார். அந்தத் திருப்பத்தைச் செய்யத் தெரியாத நிழற்படக்காரர், போட்டியின் முடிவுத்தாளை மீண்டும் ஒருமுறை அச்சடிக்கிறார், அவ்வளவுதான்.

1992-இல் பார்சிலோனா ஒலிம்பிக்கின் 400 மீட்டர் அரையிறுதியில் தொடைத்தசை கிழிந்து நின்ற டெரெக் ரெட்மண்டை, பார்வையாளர் பகுதியிலிருந்து இறங்கி வந்த அவர் தந்தை தோளில் தாங்கிக் கோடு வரை நடத்திச் சென்றார். அப்படத்தை உலகம் மறக்கவில்லை. அந்த அரையிறுதியில் முதலில் வந்தவர் யார் என்று கேட்டால் விளையாட்டுச் செய்திகளை விடாமல் படிப்போரும் சற்றே யோசிப்பர்.

ஆனால் தோற்றவரைப் படமெடுப்பதெல்லாம் இரக்கம் ஆகிவிடாது. தொல்காப்பியம் இதை நுட்பமாகப் பிரித்துக் காட்டுகிறது. நகை பிறக்கும் நிலைக்களன்களுள் எள்ளல் ஒன்று. இளிவரல் பிறக்கும் நிலைக்களன்களுள் வருத்தம் ஒன்று. தடைக்கட்டையில் கால் இடறிக் குப்புற விழுந்த சிறுமியின் படம் இவ்விரண்டில் எதற்கும் உரியதாகலாம். நின்றபடியே மேலிருந்து எடுத்து, விழுந்த அலங்கோலத்தையும் பின்னால் சிரிக்கும் கூட்டத்தையும் சட்டத்துக்குள் அடைத்தால் அது எள்ளல். மண்டியிட்டு அவள் கண்மட்டத்துக்கு வந்து, அவள் கையூன்றி எழுந்து எஞ்சிய தடைகளைப் பார்க்கும்வரை பொறுத்திருந்து எடுத்தால் அது வேறு. நிகழ்ச்சி ஒன்றே, நான்கு நொடியும் இரண்டடி உயரமும் மட்டுமே வேறுபாடு. கீழிருந்து எடுத்தால் எவரும் பெருமிதமாகத் தோன்றுவர் என்பதும் ஆபத்தில்லாத சூத்திரமன்று. 1936 பெர்லின் ஒலிம்பிக்கைப் படமாக்கிய லெனி ரீஃபென்ஸ்டால் திடலில் குழி தோண்டி, அதற்குள்ளிருந்து வீரர்களை வானளாவக் காட்டினார். அந்த அழகு யாருக்குப் பணி செய்தது என்பதை வரலாறு அறியும். பள்ளிப் பிள்ளைக்கு வானளாவ நிற்க வேண்டிய தேவையில்லை; தன் உயரத்தில் நின்றால் போதும்.

மாணவியரைப் படமெடுப்பதில் பேசாமல் விடப்படும் ஒன்றுண்டு. ஓட்டத் தொடக்கத்தில் குனிந்து நிற்கும் பெண்பிள்ளைகளின் பின்னால் கேமராவோடு நிற்பவர், எந்தக் கலையின் பெயரைச் சொன்னாலும், அங்கே நிற்கத் தகாதவர். இது பட்டிக்காட்டுக் கூச்சம் என்று நகைப்போருக்கு ஒரு செய்தி: 2019-இல் தோகாவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில், வீரர்கள் காலூன்றும் தொடக்கக் கட்டைகளுக்குள்ளேயே முகத்தை நோக்கிச் சிறு கேமராக்கள் பொருத்தப்பட்டன. கட்டையைக் கடந்து வந்து நிற்கும்போது கேமரா எங்கே நோக்குகிறது என்று ஜெர்மனியின் ஓட்ட வீராங்கனைகள் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தனர். காட்டப்படும் காட்சிகளுக்கு அமைப்பாளர்கள் வரம்பு கட்ட நேர்ந்தது. உலகப் போட்டியின் வீராங்கனைகள் தமக்காகப் பேச முடிந்தது. குறுவட்டத் திடலின் பதினான்கு வயதுப் பெண் பேசமாட்டாள்; அடுத்த ஆண்டு பெயர் கொடுக்காமல் இருந்துவிடுவாள். வீட்டில் ஒரு படத்தைக் காரணம் காட்டி அவளுடைய ஓட்டத்தை நிறுத்திவிடுவதும் எளிது. முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எடுக்கப்படும் தொடக்கப் படங்களில் உள்ள கண்களின் கூர்மை, பின்னிருந்து எடுக்கும் எதிலும் இல்லை என்பதைத் தொழில் தெரிந்தவர்களே ஒப்புக்கொள்வர்.

பெயரைப் பற்றிய செய்தியும் கருதத்தக்கது. அகப்பாட்டில் தலைவன் தலைவியின் இயற்பெயர் வரலாகாது. புறப்பாட்டில் பெயர் வரலாம். வென்றவரின் படம் புறத்தைச் சார்ந்தது; ஊர், பள்ளி, பெயர், நேரம் எல்லாம் வேண்டும். நிழலோரம் தனியே அமர்ந்து, கடன் வாங்கிய காலணியின் கயிற்றைப் பல்லால் இழுத்து முடிச்சிடும் பிள்ளையின் படம் அகம். பெயர் தெரியாததாலேயே பார்ப்பவர் அதற்குள் நுழைய முடிகிறது. ஆயினும் இந்த இலக்கண நயம் அந்தப் பிள்ளைக்குப் பயன்படாது. தன் படம் தனக்குக் கிடைக்க வேண்டுமென்றால் யாராவது அவன் மார்பு எண்ணைக் குறித்து வைத்திருக்க வேண்டும். ஆகவே தேர்ந்த நிழற்படக்காரர் கேமராவோடு ஒரு கைக்குறிப்பேட்டையும் வைத்திருப்பார்.

படச்சுருள் இருந்த நாளில் ஒரு சுருளுக்கு 36 படங்கள். பள்ளி விழாவுக்கு ஸ்டூடியோவிலிருந்து ஒருவரை அழைத்தால், அவருக்கு முதலில் சொல்லப்படுவது சிறப்பு விருந்தினரை விட்டுவிடாதீர்கள் என்பதே. விருந்தினர் காரிலிருந்து இறங்குவது, கொடியேற்றுவது, புறா விடுவது, பொன்னாடை பெறுவது, பொன்னாடை அளித்தவருக்குப் பொன்னாடை அளிப்பது, சுடர் ஏற்றுவது, அணிவகுப்பு மரியாதையை ஏற்பது என்று சுருள் கரைந்துவிடும். பின்னாளில் அந்தத் தொகுப்பைப் புரட்டுகிறவர், இது தடகளப் போட்டியா, பொன்னாடைப் போட்டியா என்று ஐயுற நேரும். பிள்ளைகள் வெற்றி மேடையில் வரிசையாக வருவார்கள். அங்கும் நடுவில் நிற்பவர் பரிசு வழங்கும் பெரியவரே. இன்று சுருள் இல்லை. ஆயிரம் படம் எடுக்கலாம், செலவில்லை. இருந்தும் கேமரா திரும்பும் திசை அதிகம் மாறவில்லை. எண்ணிக்கை பெருகியதால் தேர்ந்தெடுக்கும் உழைப்பு பெருகியது. அந்த உழைப்பை ஏற்பார் இல்லாமல் ஆயிரம் படங்களும் ஒரு தட்டில் அடைந்து கிடக்கின்றன.

குறுவட்டப் போட்டியில் ஓடும் பிள்ளைகளில் மிகப் பலர் மாவட்டப் போட்டிக்குச் செல்வதில்லை. பள்ளி முடிந்தபின் பலர் எங்கும் ஓடப்போவதில்லை. பெண்பிள்ளைகளில் பெரும்பாலோர் நிலை அதுவே. வாழ்நாளில் தன் உடலின் முழு வேகத்தை ஒருத்தி அறிந்த நாள் அந்த ஒருநாளாக இருக்கக்கூடும். அந்த நாளுக்கு ஒரு சான்று இருக்குமா இராதா என்பதைச் சுண்ணாம்புக் கோட்டருகே நிற்கும் ஒரு மனிதர், நாள் முழுதும், தனக்கே தெரியாமல் முடிவு செய்துகொண்டிருக்கிறார்.

பல பள்ளிகளில் இப்படங்கள் தலைமையாசிரியர் அறையின் பீரோவில், தேதியும் பெயரும் இன்றி உறையிலேயே இருக்கின்றன. இவ்வட்டத்தில் பள்ளி ஆசிரியர்கள் பலர் உறுப்பினர்களாக இருப்பதால் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த போட்டியின்போது நிழற்படக்காரரிடம் நிகழ்ச்சி நிரலின் ஒரு படியையும் மார்பு எண் பட்டியலின் ஒரு படியையும் காலையிலேயே கொடுத்துவிடுங்கள். நீண்ட ஓட்டங்களில் கடைசிப் பிள்ளை கோட்டைக் கடக்கும்வரை அவரை மேடைக்கு அழைக்காதீர்கள். அஞ்சலட்டை அளவில் அச்சிட்டால் ஒரு படத்துக்கு ஆகும் செலவு ஒரு தேநீருக்கு ஆவதைவிடச் சற்றே கூடும். பின்புறம் பெயர், நிகழ்ச்சி, நாள் மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை சில ஆண்டுகளில் முன்பக்கத்துக்கு ஊறிவிடுகிறது.